பணத்தை அல்ல, மனிதனைத் தேடினார்!

யானைக்கவுனி என்று ஒரு பெயர். யானை அங்கே இல்லை, கவுனியும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பெனியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் இருந்த வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. மதில் எழுப்பிய செலவை ஊரார் தலையில் வரியாக ஏற்றவும் பார்த்தார்கள். மதில் போயிற்று, வாயில் போயிற்று, கும்பெனியும் போயிற்று. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் வரியின் நினைவு மட்டும் நிலைத்துவிட்டது!

ஆனால், எந்தச் சட்டசபையும் விதிக்காத வரி ஒன்று இந்த வட்டாரத்தில் நாள்தோறும் வசூலாகிறது. அதற்குப் பெயர் வட்டி. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் இராயபுரத்திலிருந்தும் வரும் உழைப்பாளி, யானைக்கவுனியைக் கடந்து சௌகார்பேட்டைக்குள் நுழைகிறான். கையில் பொட்டலம். பொட்டலத்துக்குள் மனைவியின் மூக்குத்தி. சில வேளை வீட்டிலிருந்த கடைசிப் பித்தளைக் குடம். திரும்பும்போது அவன் மடியில் கொஞ்சம் பணமும், சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கின்றன. நகை மீளுமா, சீட்டு மட்டும் மிஞ்சுமா என்பதை அடுத்த மாதக் கூலி சொல்லும்.

அடகுக் கடைக்காரரைத் திட்டிப் பத்தி எழுதுவது எளிது. அதனால் ஒரு குடமும் மீளாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கைநிறைய உழைப்பு வைத்திருப்பவனுக்கு, நாணயமாகத் திருப்பித் தரும் எண்ணமும் உள்ளவனுக்கு, குறைந்த வட்டியில் கடன் கிடைக்காதது ஏன்? அவனுக்குக் கடன் கொடுக்கக்கூடிய கை எது?

130 ஆண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் நம்மவர் அல்லர். நம்மை ஆண்ட வெள்ளையர் ஆட்சியின் உயர்ந்த உத்தியோகஸ்தர். ஆயினும் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற சொல்லைத் தமிழகம் உச்சரிக்கும் இடமெல்லாம் அவர் பெயரும் சேர்ந்தே ஒலிக்கிறது. தஞ்சையில் ஒரு கூட்டுறவு நகர வங்கியே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சர் பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் என்பது அவர் முழுப் பெயர்.

பஞ்சத்தில் கற்ற பாடம்

நிக்கல்சன் 1846-ல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். 1869-ல் இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தராகச் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். வந்து ஏழு ஆண்டு முடிவதற்குள் 1876-ஆம் ஆண்டின் பெரும் பஞ்சம் மாகாணத்தைப் பிடித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுங்கிச் சொன்னார்களே, அதுதான். வயல் வறண்டது, மாடு மடிந்தது, மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள்.

பஞ்சம் மழை பெய்யாததால் வருகிறது என்பார்கள். அது பாதி உண்மை. ஒரு பருவம் பொய்த்தால் அந்தப் பருவத்தைத் தாண்ட உழவனிடம் சேமிப்பு இருக்க வேண்டும். இல்லையேல் நியாயமான கடன் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் நிலத்தை எழுதிக் கொடுக்கிறான். அடுத்த ஆண்டு மழை பெய்கிறது. ஆனால் அது அவன் நிலத்தில் பெய்யவில்லை!

இந்த உண்மையை ஜில்லா நிர்வாகத்தில் இருந்தவர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தவர் பலர். பார்த்ததோடு நில்லாமல் கணக்கெடுத்தவர் சிலர். அந்தச் சிலரில் நிக்கல்சன் ஒருவர். 1887-ல் வெளியான கோயம்புத்தூர் ஜில்லா மானுவல் அவர் தொகுத்தது. கிணறு, மண், பயிர், வரி, கடன் ஆகியவற்றை நுணுகிப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

அவர் சேவித்த சர்க்காரையும் நாம் மறந்துவிட முடியாது. நில வரியைக் காசாகக் கேட்டு, குறித்த தேதியில் கட்டச் சொல்லி, விளைச்சலை விற்கும் முன்பே உழவனைக் கடன்காரன் வாசலுக்குத் துரத்தியதும் அதே சர்க்கார்தான். கையால் நோயைப் பரப்பிவிட்டு மருந்துக்கு ஆள் அனுப்பிய கதை இது. எனினும், அனுப்பப்பட்ட ஆள் மருந்தை உண்மையாகவே தேடினார் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் ஓர் ஊர்த் தலைவர்

1892-ல் சென்னை சர்க்கார் நிக்கல்சனிடம் தனிப் பொறுப்பு ஒன்றை ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளில் உழவர்க்குக் கடன் தரும் பாங்குகள் எப்படி நடக்கின்றன, அவற்றை இங்கே நடவு செய்ய முடியுமா என்று ஆராய்ந்து வரவேண்டும். அவர் ஆராய்ந்தார். அறிக்கையின் முதல் தொகுதி 1895-லும் இரண்டாம் தொகுதி 1897-லும் வெளிவந்தன. சென்னை மாகாணக் கிராமங்களின் கடன் சுமை 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். ரூபாய்க்கு மதிப்பு மிகுந்திருந்த காலத்துக் கோடி அது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இரண்டு வழிகளை அவர் கண்டார். ஒன்று, ஜெர்மனியின் நகரத்துக் கைத்தொழிலாளர்க்காக சூல்ட்சே தெலிட்ச் என்பார் 1850-ல் தொடங்கிய வழி. மற்றொன்று, கிராமத்து உழவர்க்காக ராய்பைசன் கண்ட வழி. இந்த இரண்டாவது மனிதரின் கதை நிக்கல்சனை ஆட்கொண்டது. நம்மவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

பிரடெரிக் வில்ஹெல்ம் ராய்பைசன் பணக்காரரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். ஒரு சின்னஞ்சிறு ஊரின் தலைவர். 1846-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், நிக்கல்சன் பிறந்த அதே ஆண்டில், அவர் ஊரைப் பட்டினி வாட்டியது. வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கினார். ரொட்டி சுட்டுக் கொடுத்தார். பிறகு உழவர்க்கு மாடு வாங்க உதவும் சங்கம் கண்டார். அதிலும் பணக்காரர்களே பணம் போட்டார்கள், ஏழைகள் பெற்றுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ஒரு பேருண்மை அவருக்குப் புலனாயிற்று. இரக்கம் நெடுநாள் நிற்பதில்லை. கொடுப்பவன் சலித்துப்போகிறான், வாங்குபவன் தலைகுனிந்து போகிறான். ஆகவே 1864-ல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் வேறு வகைச் சங்கம் தொடங்கினார். அதில் கடன் வாங்குபவனே உறுப்பினன், உறுப்பினனே உரிமையாளன்.

அந்தச் சங்கத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரு கிராமம், ஒரு சங்கம். அங்கத்தினர் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. கடன் அங்கத்தினருக்கே, அதுவும் பயனுள்ள காரியத்துக்கே. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. இலாபம் பங்கு போடப்படாமல் பொது நிதியில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் பட்ட கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தினனும் தன் முழு உடைமையோடு பொறுப்பு. வரையறையற்ற பொறுப்பு என்று சட்டம் இதைச் சொல்லும். பக்கத்து வீட்டான் ஏமாற்றினால் என் மாடும் போகும் என்ற நிலை வந்துவிட்டால், பக்கத்து வீட்டான் கடன் வாங்கிய பணத்தில் விதை வாங்கினானா, சாராயம் குடித்தானா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் அல்லவா! பட்டணத்து பாங்குக்குக் கிடைக்காத காவல் இது. காசு செலவில்லாத காவல்.

சொத்து இல்லாதவனுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. அவனை அறிந்தவர்களின் வாக்கை நம்பிக் கொடுக்கலாம். தனி ஒருவனின் வறுமைக்கு அடகு கிடையாது. பத்துப் பேரின் ஒற்றுமையோ நல்ல அடகு.

நம் ஊரிலேயே இருந்த வித்து

நிக்கல்சன் ஐரோப்பாவை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் அல்லர். சென்னையிலேயே முளைத்திருந்த ஒன்றையும் அவர் கூர்ந்து ஆராய்ந்தார். அதுதான் நிதி. சீட்டுப் பிடிக்கும் நம் பழைய வழக்கத்திலிருந்து 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிதிகள் தோன்றத் தொடங்கின. மாதாமாதம் சிறு தொகை கட்டுவார்கள். சேர்ந்த தொகையிலிருந்து தமக்குள்ளேயே கடன் பெறுவார்கள். மயிலாப்பூரில் 1872-ல் தோன்றிய இந்து பெர்மனென்ட் பண்டு இவ்வகையில் பேர் பெற்றது. நூற்றாண்டு மாறும் வேளையில் மாகாணத்தில் 200-க்கு மேற்பட்ட நிதிகள் இருந்தன.

இந்தியனுக்குச் சேமிக்கத் தெரியாது, சேர்ந்து நடத்தத் தெரியாது என்று துரைமார்கள் பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிதிகளின் கணக்கு அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிற்று. ஆனால் ஒரு குறையையும் கூடவே காட்டிற்று. நிதிகள் பெரும்பாலும் பட்டணத்து உத்தியோகஸ்தர், வக்கீல், வியாபாரி ஆகியோருடையவையாகவே இருந்தன. மாதச் சம்பளம் வாங்கியவன் சீட்டுக் கட்டினான். ஏர் பிடித்தவனும் மூட்டை சுமந்தவனும் அந்தப் படி ஏறவில்லை.

ஆகவே நிக்கல்சன் சொன்ன முடிவின் சாரம் இதுதான். கடன் நிலையம் உழவனுக்கு அருகில் இருக்க வேண்டும். அவன் வேளைக்கு உதவ வேண்டும். கொடுத்தவன் பணத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். கடனோடு சிக்கனத்தையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். இவ்வளவும் செய்யப் பணம் திரட்டினால் போதாது. ஊருக்கு ஊர் ராய்பைசனைப் போன்ற ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிய மனிதர் இறுதியில் பணத்தைத் தேடச் சொல்லவில்லை. மனிதனைத் தேடச் சொன்னார்!

சட்டம் பிறந்தது

அறிக்கை வந்த உடனே சென்னை சர்க்கார் துள்ளி எழுந்துவிடவில்லை. நல்ல அறிக்கைகளுக்கு அலமாரியில் எப்போதும் இடம் உண்டு. மறுபடியும் பஞ்சம் வந்துதான் கதவைத் தட்டிற்று. 1901-ல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷனில் நிக்கல்சனும் ஓர் அங்கத்தினர். கடன் சங்கங்கள் வேண்டும் என்று அந்தக் கமிஷன் வற்புறுத்தியது. அதே ஆண்டு சர் எட்வர்ட் லா தலைமையில் கூடிய குழுவிலும் நிக்கல்சன் இருந்தார். அதன் பயனாக 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்த அதே ஆண்டில் தமிழ் மண் விழித்துக்கொண்டது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஆதிநாராயணய்யா என்பார் முயற்சியால் கிராமக் கடன் சங்கம் எழுந்தது. காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம் பதிவாயிற்று. திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமோ அரிசிக்கும் பருப்புக்கும் நியாய விலைக் கடை திறந்து புகழ் பெற்றது. 1905-ல் சென்னை மத்திய நகர பாங்கு அமைந்தது. கிளைச் சங்கங்களுக்குப் பணம் தரும் தாய்ச் சங்கமாக வளர்ந்து, இன்று தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக நிற்பது அதுவே. அதன் தலைமையகம் இருப்பது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில். யானைக்கவுனிக்கு எட்டிய தொலைவில்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1906 அக்டோபரில் சென்னையின் பேர்பெற்ற அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. தூண்கள் வைத்த மாளிகை, வெள்ளைத் துரைகள், நூறாண்டுப் பெயர் ஆகியவற்றை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். உயர்ந்த கட்டடம் விழுந்த அந்த நாட்களில்தான், ஓலைக் கூரையின் கீழ்க் கூடிய சின்னஞ்சிறு சங்கங்கள் எழுந்துகொண்டிருந்தன. நாணயம் கட்டடத்தில் இல்லை, கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்ற பாடம் அதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

எண்ணூர்க் கடற்கரையில்

நிக்கல்சன் 1904-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். மற்ற துரைகளைப் போல் கப்பலேறி ஊர்போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் போகவில்லை. நீலகிரியின் குன்னூரைத் தம் ஊராக்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற கையோடு அவர் எடுத்துக்கொண்ட வேலை மீன் பிடிப்புத் தொழில்! வயலில் கண்ட அதே வறுமையைக் கடற்கரையில் கண்டார். மீனவன் வலையும் படகும் அவனுடையவை அல்ல, முன்பணம் கொடுத்தவனுடையவை. பிடித்த மீனுக்கு விலை சொல்பவனும் அவனே. கடன் கொடுத்தவனே கொள்முதல்காரனாகவும் இருந்தால், தராசின் இரண்டு தட்டும் அவன் கையில்தானே!

அவர் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள மீன் தொழிலை ஆராய்ந்து 1907-ல் குறிப்பு எழுதினார். சென்னை மாகாண மீன்துறைக்குக் கௌரவ டைரக்டராகப் பல ஆண்டு உழைத்தார். மீன் பதனிடும் சோதனைகளை முதலில் நம் எண்ணூரிலே தொடங்கிப் பின்னர் மேற்குக் கரைக்குக் கொண்டு சென்றார். மீன் எண்ணெய், மீன் உரம் ஆகியவற்றைச் சிறு முதலில் செய்யும் வழியை மலபார்க் கரைக்குக் காட்டினார். மீனவர்க்குப் பள்ளியும் கூட்டுறவுச் சங்கமும் வேண்டும் என்பது அந்தத் துறையின் வேலையாகவே ஆயிற்று. தொழில் நுட்பம் மட்டும் தந்தால் அதன் பலனைக் கடன்காரன் கொண்டு போவான், கடன் மட்டும் தந்தால் தொழில் வளராது என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டையும் ஒன்றாக இணைத்தார். 1936-ல், ஏறத்தாழ 90 ஆண்டு வாழ்ந்து, அவர் மறைந்தார்.

மருந்து எங்கே நின்றது?

பெரியவர் வாழ்க்கையைப் புகழ்ந்துவிட்டு மாலை போட்டு எழுந்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? அவர் கண்ட மருந்து எவ்வளவு தூரம் சென்றது என்று பார்க்க வேண்டாமா?

1895-ல் 45 கோடி என்று அவர் மதித்த கிராமக் கடன், 1930-ல் மாகாண பாங்கிங் விசாரணைக் குழு பார்த்தபோது 150 கோடி ஆகியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1951-52-ல் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு நடந்தது. உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 பங்கு. தனியார் வட்டிக்காரர் கொடுத்ததோ நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு! அரை நூற்றாண்டு சங்கம் நடத்தியதன் விளைவு இவ்வளவுதானா என்று நாடே திகைத்தது. அதன் பிறகே அரசு பங்கு முதல் போட்டுச் சங்கங்களைத் தாங்கும் கொள்கை வந்தது. இன்று தமிழ்நாட்டில் 4,400-க்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. பயிர்க் கடனும் நகைக் கடனும் அவற்றின் வழியே செல்கின்றன. இது பெரிய வளர்ச்சி, மறுப்பதற்கில்லை.

ஆனால் வளர்ச்சியோடு ஒரு மாறுதலும் வந்தது. அரசுப் பணம் வந்த வழியில் அரசு அதிகாரியும் வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் நாற்காலியில் தனி அலுவலரை அமர்த்துவதற்கென்றே 1976-ல் ஒரு சட்டம் வந்தது. தேர்தல் இல்லாமலே சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடிய காலங்களும் உண்டு. எங்கள் சங்கம் என்று சொன்ன உறுப்பினன், சர்க்கார் சொசைட்டி என்று சொல்லத் தொடங்கினான். சொல் மாறியதில் உரிமையும் மாறிவிட்டது. தன் சங்கத்தில் திருட்டு நடந்தால் உறுப்பினன் துடிப்பான். சர்க்கார் சொசைட்டியில் நடந்தால் பத்திரிகையில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவான்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிராமம் ஒரு சங்கம் என்று ராய்பைசன் சொன்னார். நம் கிராமம் ஒன்றா? ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு அல்லவா! ஒருவரை ஒருவர் நம்பிப் பொறுப்பேற்பதே சங்கத்தின் உயிர் என்றால், தீண்டாமை உள்ள இடத்தில் அந்த உயிர் எப்படித் தங்கும்? 1920-ஐ ஒட்டி வந்த சென்னைத் தொழிலாளர் இலாகா, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டு மனை வாங்கத் தனிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்க நேர்ந்ததே இதற்குச் சான்று. ஜெர்மனியிலிருந்து வந்த நாற்று, சாதி என்னும் கல் தட்டிய இடத்தில் வேர்பிடிக்கவில்லை.

சம்பளச் சீட்டு இல்லாதவன்

இனி நம் வடசென்னைக்கு வருவோம். ஆலையும் துறைமுகமும் ரெயில்வே பட்டறையும் நிறைந்த இந்தப் பகுதியில் கடன் என்பது தொழிலாளியின் நிழல். 1931-ல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன், தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், கடன் பெரும்பாலும் மூன்று மாதக் கூலியை மிஞ்சுவதாகவும் மதிப்பிட்டது. சம்பள நாளன்று ஆலை வாசலில் தொழிலாளியின் குழந்தைகளுக்கு முன்பாகவே கடன்காரன் வந்து நின்ற காலம் அது.

அந்த நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று தொழிற்சங்கம், மற்றொன்று ஊழியர் கூட்டுறவுச் சிக்கன, கடன் சங்கம். மாதச் சம்பளத்தில் ஒரு தொகை சேமிப்பாகப் பிடிக்கப்படும். மகள் கலியாணத்துக்கோ, வீட்டுக்கு ஓடு மாற்றவோ சங்கத்தில் கடன் கிடைக்கும். தவணையும் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். நிரந்தர வேலையில் இருந்த ஆயிரமாயிரம் குடும்பங்களை வட்டிக்காரனிடமிருந்து மீட்டது இந்த ஏற்பாடு.

ஆனால் உற்று நோக்குங்கள். இங்கே பிணையாக நிற்பது சம்பளச் சீட்டு. சீட்டு உள்ளவனுக்குச் சங்கம் உண்டு. இல்லாதவனுக்கு? பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996-ல் மூடிவிட்டது. நிரந்தர வேலை சுருங்கிய இடமெல்லாம் ஒப்பந்த வேலை பெருகியிருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் தாய்க்கு எந்த முதலாளி சம்பளச் சீட்டு தருவார்? மூட்டை தூக்குபவர்க்கு, ஆட்டோ ஓட்டுபவர்க்கு, இட்லிக் கடை போடுபவர்க்கு யார் தருவார்? இவர்களுக்குக் காலையில் பணம் வேண்டும். மாலையில் பணம் வரும். இடையில் இருக்கும் அந்தப் பகல் பொழுதைத்தான் தண்டல்காரர் விலைக்கு வாங்கிவிடுகிறார்.

தண்டல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. காலமோ மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது! 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025-ல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. இரண்டும் தேவையானவை. ஆனால் சட்டம் தண்டல்காரரைத் தடுக்கலாம்; காலையில் ஏலம் எடுக்கப் பணம் கொடுக்குமா?

இப்போது எதிர்க் கணக்கைப் பாருங்கள். அதே தெருவில் 50 பேர் நாளுக்கு 20 ரூபாய் சேர்க்கிறார்கள். ஒரு நாளில் 1,000; 100 நாளில் ஒரு லட்சம். பத்துப் பேருக்குப் பத்தாயிரம் வீதம் கடன் கொடுக்கலாம். வட்டி வந்தாலும் அது அந்த 50 பேரின் பெட்டிக்கே வருகிறது. தண்டலுக்கு நாள்தோறும் 100 ரூபாய் கட்டத் தெரிந்த தெருவுக்குச் சேமிக்கத் தெரியாது என்று எவர் சொல்ல முடியும்? ஒழுங்காகக் கட்டும் பழக்கம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. அந்த ஒழுங்கின் இலாபம்தான் வேறு வீட்டுக்குப் போகிறது.

இது கனவு அல்ல. நம் நகரிலேயே நடந்தது. 1978-ல் சென்னையின் குடிசைப் பகுதிகளில் தெரு வியாபாரம் செய்த பெண்களைத் திரட்டி ஜெயா அருணாசலம் அம்மையார் ஒர்க்கிங் விமன்ஸ் போரம் என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் பாங்குகளிடம் கடன் வாங்கித் தந்தார்கள். படிவமும் கவுண்டரும் காத்திருப்பும் கையெழுத்துத் தெரியாத பெண்ணை மிரட்டின. 1981-ல் தங்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அடகு கேட்கவில்லை, பக்கத்துப் பெண்களின் பிணையைக் கேட்டார்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர் மாநிலமெங்கும் பரவின. ராய்பைசன் பெயரை அந்தப் பெண்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் கண்ட வழியிலேயே நடந்தார்கள்.

தேட வேண்டிய ஆள்

கடன் சங்கம் வறுமைக்கு முழு மருந்து என்று நாம் சொல்லவில்லை. கூலி குறைவாக இருந்தால் கடன் அதை நிரப்பாது. நோய்க்கும் பள்ளிக்கும் ஏழை கடன் வாங்கும் நிலை இருந்தால், எந்தச் சங்கமும் அவனைக் கரையேற்றாது. நியாயமான கூலிக்குப் போராடுவது தொழிற்சங்கத்தின் வேலை. மருத்துவமும் கல்வியும் தருவது அரசின் வேலை. அந்தக் கூலி வீட்டுக்குப் போகும் வழியில் கொள்ளை போகாமல் காப்பது கடன் சங்கத்தின் வேலை. மூன்றில் எது குறைந்தாலும் குடம் ஒழுகும்.

2025-ஆம் ஆண்டை உலகக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. விழாக்கள் நடந்தன. விழாவுக்கு அப்பால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சங்கங்களில் தேர்தல் உரிய காலத்தில் நடக்கிறதா? ஆண்டுப் பேரவைக்கு உறுப்பினர் வருகிறார்களா? கணக்கு அவர்களுக்குப் புரியும் தமிழில் படிக்கப்படுகிறதா? சம்பளச் சீட்டு இல்லாத மீன்காரப் பெண் அங்கத்தினராகச் சேர வழி இருக்கிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்ற பதில் கிடைக்கும் சங்கமே சங்கம். மற்றவை பெயர்ப்பலகைகள்.

நிக்கல்சன் பிற நாட்டவர். பிறர் ஆட்சியின் ஊழியர். ஊருக்கு ஒரு நல்ல மனிதனைத் தேட வேண்டும் என்று சொல்ல அவரால் முடிந்தது. தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவருடையது அல்ல, நம்முடையது. அந்த மனிதன் கோட்டையிலிருந்து வரமாட்டான். கணக்கு நோட்டும் கைச்சுத்தமும் உள்ள ஒரு தெருக்காரன், தெருக்காரி, யானைக்கவுனிக்கு அப்பால் எங்கோ ஒரு சந்தில் இருக்கிறான், இருக்கிறாள். பத்து வீட்டார் ஒன்றாகக் கூடி அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். முதல் நாள் சேர்வது 20 ரூபாயாகவே இருக்கட்டும். கவலையில்லை, ஆனால் அதை எண்ணுகிற கை நம் கையாக இருக்க வேண்டும்!